பச்சைத்தண்ணி வாய் திறக்காத நாள்

ஆஸ்பத்திரி லாண்டரியில் அழுக்குப் பக்கம், சுத்தப் பக்கம் என்று இரண்டு உண்டு. நடுவில் சுவர். சுவருக்குள் புதைத்த மாதிரி நான்கு பெரிய மெஷின்கள். இந்தப் பக்கக் கதவு வழியாக ரத்தமும் சீழுமாக உள்ளே போகிற துணி, அந்தப் பக்கக் கதவு வழியாக வெள்ளையாக வெளியே வரும். அந்தப் பக்கத்து ஆட்கள் மடிப்பார்கள், அடுக்குவார்கள், ரேடியோ கேட்பார்கள். இந்தப் பக்கத்தில் ரேடியோ எடுபடாது. மூட்டையை அவிழ்த்தால் உள்ளே உடைந்த பல் கிடக்கும். ஒரு தடவை ஒரு விரலே கிடந்தது, மோதிரத்தோடு.

அந்த அழுக்குப் பக்கத்தில் இருபத்தேழு வருஷம் நின்றவள் அவள். ஆஸ்பத்திரியில் அவளுடைய சொந்தப் பேர் சம்பளக் காகிதத்தில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி டாக்டர் முதல் தோட்டக்காரர் வரை எல்லோருக்கும் அவள் பச்சைத்தண்ணி. காரணம் உண்டு. புதிதாக யார் வேலைக்கு வந்தாலும் ரத்தத் துணியைப் பார்த்ததும் கை நேராக வெந்நீர்க் குழாய்க்குத்தான் போகும். மெஷின் எவ்வளவு சத்தம் போட்டாலும் அதற்கு மேலே அவள் குரல் வரும். "வெந்நீர் வேண்டாம். பச்சைத்தண்ணி, பச்சைத்தண்ணி." ஒரு நாளைக்கு முப்பது தடவை சொல்லுவாள். சொல்லிச் சொல்லி அதுவே பேராகிப் போனது.

அவள் அந்த வேலைக்கு வந்து சேர்ந்த விதமே தனி. புருஷன் லாரியில் மூட்டை ஏற்றுகிறவன். இடுப்பில் கட்டுகிற பெல்ட்டை அவன் இடுப்பில் கட்டின நேரம் குறைவு. கல்யாணமான முதல் வருஷத்தில் தன் ரத்தம் பட்ட நான்கு சட்டைகளைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு அவள் பாழாக்கியிருக்கிறாள். சிவப்பு பழுப்பாகி நூலோடு நூலாக ஒட்டிக்கொண்டது. ஐந்தாவது சட்டையை அடுப்புப் பற்றவைக்கச் சோம்பல்பட்டுக் குழாயடியிலேயே அலசினாள், சுத்தமாகப் போய்விட்டது. அன்றைக்குப் பிடித்த பாடம். அதற்குப் பிறகு பக்கத்து வீட்டாருக்குக்கூட ஒன்றும் தெரியாதபடி பார்த்துக்கொண்டாள். ஒரு நாள் லாரி பின்னால் வந்து புருஷனைச் சுவரோடு வைத்து நசுக்கிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து அவன் உடுப்பைத் துவைத்து, பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார்கள். பிரித்துப் பார்த்தாள். நெஞ்சு முழுக்கப் பழுப்பு. வெந்நீரில் வேகவைத்திருக்கிறார்கள். அழுதுகொண்டிருந்தவளுக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. பொட்டலத்தோடு லாண்டரிக்கே போய், இப்படியா துவைப்பார்கள் என்று மேஸ்திரியிடம் சண்டை போட்டாள். மேஸ்திரி வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு, அவ்வளவு தெரிந்தவள் நாளையிலிருந்து நீயே வந்து துவை என்றார். மறுநாள் காலை ஆறு மணிக்கு அவள் வாசலில் நின்றாள். ஒன்பது வயது மகனை அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

கொஞ்ச நாளில் கறையைப் பார்த்தாலே நடந்ததைச் சொல்லிவிடுவாள். மூக்கு ரத்தம் தலையணையில் வட்டமாக விழும், நடுவில் சளி கலந்து வெளுத்திருக்கும். கத்திக்குத்து, துணியில் கிழிசலையும் சேர்த்துக்கொண்டு வரும். பிள்ளை பெற்ற ரத்தம் தேங்கி நிற்கும். அடித்த ரத்தம் வேறு. அடித்த கையை மறுபடி ஓங்கும்போது, கையில் இருக்கிற கட்டையோ கம்பியோ ரத்தத்தைச் சுண்டிவிடும். அது புள்ளி புள்ளியாகக் கோடு போட்டுக்கொண்டு மேலே ஏறும். ஒரு ஓங்கலுக்கு ஒரு கோடு. கோட்டை எண்ணினால் எத்தனை ஓங்கல் என்று தெரிந்துவிடும்.

பொடி வந்தது அவளுடைய ஐந்தாவது வருஷத்தில். அதற்கு முன்னால் சோடாவும் சோப்பும் கை முட்டியும்தான். பொடிக் கம்பெனியிலிருந்து கண்ணாடி போட்ட ஒரு பெண் வந்தாள். முட்டையைக் கலக்கித் தடவிக் காயவைத்த ஐந்து துணித்துண்டுகளையும் ஐந்து கண்ணாடி டம்ளர்களையும் மேஜைமேல் வைத்தாள். எல்லாவற்றிலும் ஒரே அளவு பொடி. ஒன்றில் ஐஸ் தண்ணீர், ஒன்றில் கை பொறுக்கிற சூடு, ஒன்றில் கொதி, ஒன்றில் எலுமிச்சைச் சாறு பிழிந்த தண்ணீர், ஒன்றில் பிளீச்சிங் கலந்தது. ஒரு மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால், கை பொறுக்கிற சூட்டில் கிடந்த துணி மட்டும் பால் மாதிரி இருந்தது. மற்ற நான்கும் போட்டது போட்டபடி.

அந்தப் பெண் சொன்னாள். பொடிக்குள் நொதி என்று ஒன்று இருக்கிறது. அதற்கு உயிர் கிடையாது. ஆனால் உயிர் உள்ளதிலிருந்துதான் அதை எடுக்கிறார்கள். நம் வயிற்றுக்குள்ளும் எச்சிலுக்குள்ளும் அதே மாதிரி வேலை செய்கிறவை உண்டு. ரத்தமும் முட்டையும் நீளமான சங்கிலி. நொதி ஒரு கத்தரி. கத்தரியின் வாய்க்குப் பொருந்துகிற சங்கிலியை மட்டும்தான் வெட்டும். ரத்தத்தை வெட்டுகிறது எண்ணெய்ப் பிசுக்கைத் திரும்பிக்கூடப் பார்க்காது, அதற்கு வேறு கத்தரி. வெட்டிய துண்டுகளைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும். கத்தரி தேய்வதில்லை, அடுத்த சங்கிலிக்குப் போய்விடும். அதனால்தான் ஒரு கைப்பிடி போதும். ஆனால் கைப்பிடிப் பொடிக்கு ஒரு மலைத் துணியைக் கொடுத்தால் ஒவ்வொன்றாகத்தான் வெட்டிக்கொண்டு வரும், நேரம் கொடுக்க வேண்டும்.

மெஷின் ஓட்டுகிறவர் சும்மா இருக்க மாட்டார். "அப்ப இது நம்ம மேஸ்திரியேதான். காலைல குளிருக்கு அசைய மாட்டாரு, மத்தியானம் சூட்டுக்கு விழுந்துடுவாரு, நடுவுல பதினோரு மணிக்கு மட்டும் வேலை நடக்கும்" என்றார். மேஸ்திரி உட்பட எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. ஐஸ் டம்ளரையும் கொதித்த டம்ளரையும் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனாள். ஐஸ் கரைந்து, வெயிலில் தண்ணீர் வெதுவெதுப்பானதும் அந்தத் துணியில் முட்டை கழன்றது. கொதித்த தண்ணீரும் ஆறி அதே வெதுவெதுப்புக்குத்தான் வந்தது. சாயங்காலம் வரை காத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கண்ணாடிக்காரப் பெண் கிளம்பும்போது அவளிடம் வந்து, குளிரில் அது தூங்கத்தான் செய்யும், கொதியில் அதன் உருவமே கெட்டுப்போகும், வெந்த முட்டை மறுபடி பச்சை முட்டை ஆகாதில்லையா என்றாள். புளிப்பிலும் பிளீச்சிங்கிலும் அதே கதி, கத்தரியின் வாய் கோணிப்போகும். அதோடு கறையும் வெந்து நூலைப் பிடித்துக்கொள்ளும் என்று இவள் தன் பங்குக்குச் சேர்த்துச் சொன்னாள். நான்கு சட்டை பாழாக்கியவளுக்குத் தெரியாதா.

கம்பளியும் அதே மாதிரிச் சங்கிலிதான் என்பதை மட்டும் அந்தப் பெண் சொல்ல மறந்துவிட்டாள். தலைமை நர்ஸின் கம்பளிச் சால்வையை இரண்டு நாள் பொடித் தண்ணீரில் ஊறவைத்து, கரையான் அரித்த மாதிரி எடுத்துக் கொடுத்தாள் இவள். எல்லோர் முன்னாலும் கன்னத்தில் ஒரு அறை விழுந்தது. வாங்கிக்கொண்டு, பொடிமேல் எந்தத் தப்பும் இல்லை, அது தன் வேலையைத்தான் பார்த்தது என்று அந்த அம்மாளிடமே வாதம் பண்ணினாள்.

முதலில் பச்சைத்தண்ணி, பிறகு வெதுவெதுப்பில் பொடி, கடைசியில்தான் கொதியும் பிளீச்சிங்கும். இந்த வரிசையில் அவள் கையில் போகாத ரத்தமே இல்லை என்று ஆயிற்று. பெருமை ஏறிக்கொண்டது. அந்தப் பெருமைதான் ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்தது.

அடிதடி, வன்கொடுமை என்று வருகிறவர்களின் துணியை நனைக்கவே கூடாது என்பது சட்டம். நிழலில் காயவைத்து, காகிதப் பையில் போட்டு, எழுதி ஒட்டி, அவசரப் பிரிவு அலமாரியில் பூட்ட வேண்டும். அவளுடைய பத்தாவது வருஷத்தில் ஒரு பதினாறு வயதுப் பெண்ணின் உடுப்பை யாரோ தவறுதலாக அழுக்கு மூட்டைக்குள் தள்ளிவிட்டார்கள். இவளுக்குச் சந்தேகம் வந்தது. இது ஆஸ்பத்திரித் துணி இல்லையே, நல்ல பூப்போட்ட உடுப்பாச்சே என்று ஒரு நிமிஷம் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஆனால் அவ்வளவு ரத்தத்தைப் பார்த்ததும் கை கேட்கவில்லை. அரை நாள் பாடுபட்டு, கடையில் வாங்கியது மாதிரி ஆக்கித்தான் விட்டாள். வழக்கு நிற்கவில்லை. அந்த ஆள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தான். பெண்ணின் அப்பா லாண்டரி முற்றத்துக்கு வந்து மெஷின் கதவை வெறுங்கையால் குத்தினார். கை விரல் முட்டிகள் பிளந்து எலும்பு வெளுப்பாகத் தெரியும் வரை குத்தினார். பிறகு இவள் பக்கம் திரும்பி, "நீ துவைச்சது என் பொண்ணோட வாயை" என்றார். இவளை அவர் அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை என்று பிற்பாடு பல தடவை நினைத்திருக்கிறாள்.

மகன் வளர்ந்தான். வண்டி ரிப்பேர் பட்டறை வைத்தான். கெட்ட பையன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அம்மாவுக்குக் கால் வலி என்றால் தைலம் தேய்த்துவிடுவான். தெருவில் யார் வண்டி நின்றாலும் குனிந்து பார்ப்பான். தையல் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒரு பெண்ணை அவனே விரும்பிக் கட்டிக்கொண்டு வந்தான். மருமகள் ஒல்லி, வாய் கெட்டி. அத்தையும் மருமகளும் ராத்திரிச் சாப்பாட்டில் யார் யாரைக் கிண்டல் பண்ணுகிறார்கள் என்று தெரியாதபடிக்குப் பேசுவார்கள்.

கல்யாணமான எட்டாவது மாசம் தலையணை உறையில் வட்டமாக ஒரு கறை. நடுவில் வெளுப்பு. அவள் அதைப் பார்த்தாள், மருமகளின் மூக்கைப் பார்த்தாள், உறையை உருவிக் குழாயடிக்குக் கொண்டுபோனாள். பிறகு மருமகளிடம், கோபம் வந்தால் அவனுக்குக் கண் தெரியாது, அந்த நேரத்தில் நீ எதிர்த்துப் பேசாதே என்றாள். மகனிடம் ஒன்றுமே சொல்லவில்லை. அதற்கப்புறம் ஒரு துண்டு, இரண்டு சட்டை, ஒரு திரைச்சீலை. எல்லாவற்றையும் எடுத்தாள். வெளியே கொடியில் காய்ந்த துணியைப் பார்க்கிற யாரும், இது எவ்வளவு சுத்தமான வீடு என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வேலை முடிந்து இரண்டு மணிக்கு அவள் ஆஸ்பத்திரிப் பின்கேட் வழியாக வெளியே வந்தாள். அதே நேரம் முன்கேட் வழியாக மருமகளைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அது தெரியாமல் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தாள். அவர்கள் இருந்தது மாடியில் இரண்டு அறை. வெளிப்பக்கமாக இரும்புப் படி. படிக்குக் கீழே மேஜை போட்டுத் துணி தேய்க்கிற இஸ்திரிக்காரி. அவள் பெட்டியைக் கீழே வைக்காமலே சொன்னாள்.

"உன் மருமகளை ஆட்டோவுல நான்தான் ஏத்தி அனுப்பினேன். தாடை தொங்குது. படியில விழுந்தான்னு உன் பையன் சொல்றான். நான் காலைலேர்ந்து இந்தப் படிக்குக் கீழதான் நிக்கிறேன். என் படியில யாரும் விழல."

மேலே மகன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். தலை ஈரம், சட்டை புதுசு. ஜன்னல் திட்டில் கழுவி வைத்த பெரிய ஸ்பேனர். சுவரை ஈரத்துணியால் துடைத்திருந்தான், துடைத்த தடம் ரோஜா நிறத்தில் இருந்தது. மூலையில் பாதி அடுக்கிய ஒரு பை, மருமகளுடையது. போகிறேன் என்று சொல்லியிருக்கிறாள், அவ்வளவுதான் காரணம் என்று பையைப் பார்த்ததுமே தெரிந்தது. அவன் காலடியில் படுக்கை விரிப்பு சுருட்டிக் கிடந்தது.

"வந்துட்டியாம்மா. இதை எடுத்துடு. மண்டையில அடின்னா ஆஸ்பத்திரிலேர்ந்து போலீசுக்கு ஃபோன் போகும், சாயங்காலம் வந்துடுவாங்க. நீதானே சொல்லிருக்க."

ஆமாம், அவள்தான் சொல்லியிருக்கிறாள், சாப்பிடும்போது கதை மாதிரி.

அவள் வாளியை எடுத்தாள். உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த நிமிஷம் வரை அவள் கை அவனுக்காகத்தான் வேலை செய்தது. பழகின கை. மாட்டேன் என்று சொன்னால் அவன் அதைப் பட்டறைக்குக் கொண்டுபோய் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்திவிடுவான் என்பதும் அவளுக்குத் தெரியும். விரிப்பைப் பிரித்தாள். மருமகளின் கடைவாய்ப் பல் ஒன்று அதிலிருந்து தரையில் விழுந்து உருண்டது. வெள்ளை விரிப்பின் குறுக்கே புள்ளி புள்ளியாக மேலே ஏறுகிற கோடுகள். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று ஓங்கல். இரண்டாவது அடிக்கும் மூன்றாவது அடிக்கும் நடுவில் கையைத் தோளுக்கு மேலே கொண்டுபோயிருக்கிறான், திரும்பக் கொண்டுவந்திருக்கிறான். கண் தெரியாதவன் செய்கிற காரியமில்லை அது. இதே மூன்று கோட்டை அவள் முதுகுப் பக்கத்துச் சுவரில் இன்னொருவனும் ஒரு காலத்தில் போட்டிருக்கிறான். அதையும் அவள்தான் துடைத்தாள். அப்போது கதவோரம் நின்று பார்த்த பிள்ளை இவன்.

தாடை உடைந்தவள் பேச மாட்டாள். மாசக் கணக்கில் பேச முடியாது. பேசக்கூடியது இந்தத் துணி ஒன்றுதான்.

அவள் வாளியில் குழாய்த் தண்ணீரைப் பிடிக்கக் குனிந்தாள். மகன் தடுத்தான்.

"இந்தத் தண்ணில எப்படிம்மா போகும், இவ்வளவு ரத்தம். நான் கொதிக்க வைக்கிறேன்."

அடுப்பைப் பற்றவைத்துப் பெரிய பாத்திரத்தை ஏற்றினான். அம்மா ஆஸ்பத்திரியில் ஊரையே வெளுக்கிறவள் என்று தெருவெல்லாம் சொல்லுவானே தவிர, ஒரு நாளும் அவள் துவைத்து அவன் பார்த்ததில்லை. கழற்றிப் போடுவான், மடித்து வந்துவிடும். தண்ணீர் கொதிக்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. அந்தப் பத்து நிமிஷமும் அவள் தொண்டையில் ஒரு வார்த்தை வந்து வந்து முட்டியது. இருபத்தேழு வருஷம், நாளைக்கு முப்பது தடவை சொன்ன வார்த்தை. பல்லைக் கடித்துக்கொண்டாள். அவனே விரிப்பை வாளியில் போட்டான், அவனே பொடியைக் கொட்டினான், அவனே பாத்திரத்தைத் துணியால் பிடித்துத் தூக்கி ஊற்றினான்.

அவள் கண்முன்னால் சிவப்பு பழுப்பானது. ஈரலைச் சட்டியில் போட்டால் நிறம் மாறுமே, அந்த மாதிரி. பொடிக்குள் இருந்த கத்தரிகளெல்லாம் அந்த நொடியில் வெந்து செத்தன. நூலுக்கு வெளியே நின்ற கொஞ்ச ரத்தம் மட்டும் கலங்கித் தண்ணீரைப் பழுப்பாக்கியது. அதைப் பார்த்து அவன் பெருமூச்சு விட்டான்.

"பாரு, கரையுது."

"மூடி வை. ரெண்டு மணி நேரம் ஊறணும், நடுவுல தொறந்தா வேலை கெட்டுடும்" என்றாள். அன்றைக்கு அவள் சொன்ன பொய் அது ஒன்றுதான். "நீ ஆஸ்பத்திரிக்குப் போ. புருஷன் பக்கத்துல இல்லேன்னா ஜனங்க பேசுவாங்க."

அவன் அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டான். "நீ இல்லேன்னா நான் என்னம்மா பண்ணுவேன்" என்றான். ஒன்பது வயதில் அக்கா வீட்டு வாசலில் விட்டுவிட்டு வரும்போது வைத்த அதே தோள். அவன் படியிறங்குகிற சத்தம் அடங்கும் வரை அவள் அசையவில்லை. பிறகு மூடியைத் திறந்து, கையைக் கொதிநீருக்குள் விட்டு விரிப்பை இழுத்தாள். தோல் உரிந்தது. விரித்துப் பார்த்தாள். மூன்று கோடும் முத்திரை குத்தியது மாதிரி நின்றன. பல்லைத் துணி முனையில் முடிந்துகொண்டு விரிப்பை இடது கையில் சுற்றிக்கொண்டாள்.

பாதிப் படியில் அவன் எதிரே வந்தான். ஸ்பேனர் ஜன்னல் திட்டிலேயே இருக்கிறது என்று தெரு முனையில் ஞாபகம் வந்திருக்கிறது. அவள் கையைப் பார்த்தான். நீராவி போகிற துணியில் பழுப்புக் கோட்டைப் பார்த்தான்.

"இன்னும் போகலையா. இன்னும் கொஞ்ச நேரம் ஊறினா போயிடுமில்ல."

"போகாது. இனிமே எந்தப் பொடிக்கும் போகாது. கொதிதண்ணி ஊத்தினா ரத்தம் வெந்து ஒட்டிக்கும்."

"நீ பாத்துக்கிட்டுத்தானே நின்ன. ஏன் சொல்லல."

அவள் கையில் சுற்றியிருந்ததை இன்னும் இறுக்கிக்கொண்டாள். அவனுக்குப் புரிய ஒரு மூச்சு நேரம் பிடித்தது. புரிந்ததும் அவன் முகத்தில் அவள் புருஷனின் முகம் வந்து உட்கார்ந்தது. முதல் அடி வாயில் விழுந்தது, முன்பல் உதட்டைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனது. தலைமுடியைப் பிடித்து இரும்புக் கைப்பிடியில் மோதினான். விரிப்பை இழுத்தான், அது அவள் கையில் ஐந்து சுற்றுச் சுற்றியிருந்தது. இழுத்த வேகத்தில் அவள் அவனைத் தாண்டி ஆறு படி உருண்டாள். வலது மணிக்கட்டு அடியில் மாட்டி முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. அவன் இறங்கி வந்து விலாவில் உதைத்தான். "விடு, விடு" என்று ஒவ்வொரு உதைக்கும் ஒரு தடவை சொன்னான். அவள் துணிமேல் குப்புறக் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். அவள் வாய் ரத்தமும் அதில் போய்ச் சேர்ந்தது.

உதை நின்றது. தலையைத் திருப்பிப் பார்த்தாள். இஸ்திரிக்காரி அவள் உடம்பைத் தாண்டி ஒரு காலைப் படியில் வைத்து நின்றாள். பழுத்த இஸ்திரிப் பெட்டி அவன் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

"இன்னொரு படி எறங்கினா மூஞ்சில மடிப்பு வெச்சுடுவேன்."

அவன் இறங்கவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். போலீஸ் வரும் வரை யாரும் அவனைத் தொடவில்லை.

அவசரப் பிரிவில் அவள் உடுப்பைக் கத்தரித்து எடுத்து, பழக்க தோஷத்தில் அழுக்கு மூட்டையில் போட்டுவிட்டார்கள். மறுநாள் காலை அழுக்குப் பக்கத்தில் மூட்டையை அவிழ்த்த மெஷின்காரருக்கு அந்தச் சட்டை தெரியும், தினமும் எதிரில் பார்க்கிற சட்டை. இருபத்தேழு வருஷத்தில் முதல் தடவையாக அன்றைக்கு அவர் ஒரு ஜோக்கும் சொல்லவில்லையாம். நிழலில் காயவைத்து, காகிதப் பையில் போட்டு, யாரையும் நம்பாமல் தானே அலமாரியில் பூட்டிவிட்டுச் சாவியை நர்ஸிடம் கொடுத்தார்.

விசாரிக்க வந்த பெண் இன்ஸ்பெக்டர் விரிப்பை விரித்து வைத்துக்கொண்டு, இவ்வளவு நல்லாத் துவைக்கத் தெரிஞ்ச நீங்க இதை ஏன்மா இப்படி விட்டீங்க என்று கேட்டார்.

"நான் துவைக்கல. பாத்துக்கிட்டு நின்னேன்" என்றாள், தைத்த உதட்டோடு.

கோர்ட்டில் அவன் படிக் கதையைத்தான் சொன்னான். மூன்று கோடும் பல்லும் வேறு கதை சொல்லின. ஆறு வருஷம் போட்டார்கள். அவள் மாசா மாசம் சிறைக்குப் போனாள். முதல் நான்கு தடவை அவன் வெளியே வந்து பார்க்கவில்லை. ஐந்தாவது தடவை வந்தான், கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தான், ஒரு வார்த்தை பேசாமல் நேரம் முடிந்ததும் எழுந்து போனான். ஆறாவது மாசமும் அவள் போனாள். பிடிவாதக்காரி.

மருமகள் தாடையில் கம்பி கட்டி மூன்று மாசம் உறிஞ்சு குழலில்தான் குடித்தாள். கம்பி எடுத்த அன்று அத்தையிடம் அவள் பேசிய முதல் பேச்சு நன்றி இல்லை.

"அந்த முதல் தலையணை உறை. அதையும் நீங்கதானே துவைச்சீங்க."

"ஆமா."

"அன்னைக்கே துவைக்காம விட்டிருக்கலாம்."

"ஆமா" என்றாள் மறுபடி.

மருமகள் தனியாக ஓர் அறை எடுத்துக்கொண்டு தையல் மெஷின் போட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தை போவாள். போகச் சொல்லி அழைப்பும் இல்லை, வராதே என்ற பேச்சும் இல்லை. கதவு திறந்திருக்கும். ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவாள். முறிந்து கூடிய மணிக்கட்டால் பித்தான் துளைக்கு நூல் வெட்டிக் கொடுப்பாள். ஒரு நாள் மருமகள் ஒரு வெள்ளைச் சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தபோது ஊசி விரலில் இறங்கிவிட்டது. ஒரு சொட்டு துணியில் விழுந்து பூவாக விரிந்தது. பெரிய விஷயமில்லை, ஒரு மிடறு பச்சைத்தண்ணீரில் போய்விடும். அத்தையின் கை தானாக எழுந்து, பக்கத்தில் இருந்த தண்ணீர் டம்ளரை எடுத்தும்விட்டது.

"விடுங்க, அத்தை" என்றாள் மருமகள். "இருக்கட்டும். நானே பாத்துக்கிறேன்."

அவள் டம்ளரை எடுத்த இடத்திலேயே வைத்தாள். இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு, அந்தச் சொட்டு காய்கிறதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.